தயவா, பாத்தியதையா?

அமெரிக்காவிலுள்ள பிளிஸார்ட் கம்பெனியார் தங்களுடைய 'வார்கிராப்ட் 3' என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டைப் புதுப்பித்து 2020-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் வெளியிட்டார்கள். அதனுடன் ஒரு விதித்தொகுப்பும் வெளியாயிற்று. கம்பெனியார் அளிக்கும் கருவிகளைக் கொண்டு எவரேனும் ஒரு புதிய ஆட்டத்தை இயற்றினால், அது முழுவதும் கம்பெனியாருக்கே சொந்தம். இயற்றியவர் தம் உரிமைகள் யாவற்றையும் அக்கணமே அவர்களுக்கு ஒப்புக்கொடுத்தவராகிறார். அப்படி ஒப்புக்கொடுத்தது ஏதோ காரணத்தால் செல்லாமற்போனால், ஏகபோக லைசென்ஸாவது அளித்தவராகிறார். ஆசிரியன் என்ற முறையில் அவருக்குள்ள தார்மிக உரிமையையும் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை கைவிட்டவராகிறார். இத்தனைக்கும் பிரதியாக அவருக்குக் கிடைப்பது என்ன என்று தேடிப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை.

விளையாட்டுப் பிள்ளைகளின் வழக்கில் தேசபக்தர்களுக்கு என்ன வேலை என்று நேயர்களில் சிலர் வினவக்கூடும். கூலி கொடாமல் வேலை வாங்குவதும், அறியாதவனிடம் சொத்தை எழுதி வாங்குவதும் எத்துறையில் நடந்தாலும் நம் கவனத்துக்கு உரியவையே. விலைகொடுத்து வாங்கிய விளையாட்டைத் திருத்தி, அதில் புதிய ஊர்களையும் பாத்திரங்களையும் கதைகளையும் சேர்த்துப் பிறருக்கு இனாமாக வழங்குகிறவர்களை அத்துறையில் 'மாடர்' என்றும், அவர்கள் செய்த திருத்தத்தை 'மாட்' என்றும் சொல்லுகிறார்கள். இவர்களிற் பெரும்பாலோர் மாணவர்களும் வேறு உத்தியோகம் பார்ப்பவர்களுமே. இரவில் கண்விழித்து இவர்கள் செய்யும் வேலையினால் பழைய விளையாட்டுக்குப் புத்துயிர் உண்டாகிறது. அதன் விற்பனை வருஷக் கணக்கில் நீடிக்கிறது. லாபம் யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மேற்சொன்ன கடுமையான ஷரத்து திடீரென்று முளைத்ததன்று. 2003-ஆம் வருஷத்தில், 'யூல்' என்ற புனைபெயருடைய ஒருவர் வார்கிராப்ட் 3-உடன் வந்த கருவியைக் கொண்டு 'டோட்டா' என்றோர் ஆட்டத்தை அமைத்தார். அடுத்த வருஷமே, விரும்பினவர் எவரும் அதைத் தொடர்ந்து வளர்க்கலாம், தம் பெயரை நினைவுகூர்ந்தால் போதும் என்று அறிவித்து விலகினார். பிறர் பலர் கைவைத்து வளர்த்தார்கள். 'ஐஸ்பிராக்' என்ற புனைபெயர் கொண்டவர் 2005 முதல் அதைச் செப்பனிட்டு வந்தார். ஆட்டம் உலகமெங்கும் பரவிற்று. பின்னர் வால்வ் கம்பெனியார் யூலையும் ஐஸ்பிராக்கையும் அமர்த்திக்கொண்டு 2013-இல் 'டோட்டா 2'-ஐ வெளியிட்டார்கள். 2021-ஆம் வருஷத்து உலகப் பந்தயத்தில் அதற்குச் சேர்ந்த பரிசுத்தொகை நான்கு கோடி டாலருக்கு மேல்! டோட்டா என்ற பெயர் யாருக்கு என்பது பற்றி வால்வுக்கும் பிளிஸார்டுக்கும் நடந்த தகராறு 2012-இல் சமரசமாயிற்று. சமரசம் இரண்டு கம்பெனிகளுக்கிடையே. இடையில் உழைத்த பலருடைய பெயரும் அதில் இல்லை.

பிறகு அவ்விரு கம்பெனியாரும் ஒன்றுசேர்ந்து, தங்கள் ஆட்டத்தைக் காப்பியடித்ததாக வேறு இரு கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தார்கள். டோட்டாவின் பதிப்புரிமை உங்களுக்கு எப்படி வந்தது என்று பிரதிவாதிகளில் ஒருவர் எதிர்க்கேள்வி போட்டனர். விசாரணையின்றியே அதைத் தீர்த்துவிட 2017-ஆம் வருஷத்தில் கலிபோர்னியா ஜில்லா நியாயஸ்தலம் மறுத்தது. ஜூரிகள் கேட்டு முடிவுசெய்ய வேண்டிய விஷயம் என்று நீதிபதி கூறினார். ஒரு மாட் அதை இயற்றியவனுடைய சொத்தாக இருக்கக்கூடும் என்பது இதனால் வெளிப்பட்டது. மூன்று வருஷத்தில் கம்பெனியாரின் விதித்தொகுப்பு வந்து அந்த வாசலை அடைத்தது.

ஜமீன் நிலத்தில் குடியானவன் கிணறு வெட்டினால் கிணறும் ஜமீன்தாருக்கே என்ற பழைய நியாயத்துக்கும் இதற்கும் என்ன பேதம்? 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழித்தவர்கள் நாம். இந்த ஜமீனை நமக்கு அடையாளம் தெரியாமற்போகாது.

அமெரிக்க நியாயஸ்தலங்களின் பழைய தீர்ப்புக்களும் மாடர்களுக்கு அனுகூலமாயில்லை. 'டியூக் நியூகம் 3டி' என்னும் விளையாட்டுக்குப் பொதுஜனங்கள் இயற்றிய 300 கட்டங்களைத் திரட்டி, மைக்ரோ ஸ்டார் என்ற கம்பெனியார் ஒரு தகட்டில் பதித்து விற்றார்கள். அவற்றில் மூல விளையாட்டின் சித்திரம் ஒன்றேனும் இல்லை. எந்தச் சித்திரத்தை எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்புக்களே இருந்தன. ஆயினும், அவை அதே வீரனுடைய புதுக் கதைகளாகையால் மூலத்திலிருந்து பிறந்த படைப்புக்களே என்றும், தொடர்கதை எழுதும் உரிமை மூலத்தின் சொந்தக்காரருக்கே என்றும் 1998-இல் ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிறர் உழைப்பை அள்ளி விற்றவர் தோற்றதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அத்தீர்ப்பின் நிழல் இனாமாக வழங்குகிறவன்மீதும் விழுந்துவிட்டது. கட்டங்களை இலவசமாகப் பகிரலாம் என்று சொந்தக்காரர் அளித்த லைசென்ஸ் ஒன்றே அவனுக்குத் துணை. அதைக் கொடுத்தவர் நாளைக்கு மறுத்தால் அவனுக்குப் போக்கிடம் இல்லை.

மறுப்பதற்கு வழக்குக்கூட வேண்டாம். 1998-ஆம் வருஷத்திய அமெரிக்கச் சட்டத்தின்படி, ஒரு மாட் எந்த இணையதளத்தில் இருக்கிறதோ அத்தளத்தாருக்குக் கம்பெனியின் வக்கீல் ஒரு நோட்டீஸ் அனுப்பினால் போதும். தங்கள்மேல் பழி வராதிருக்க அவர்கள் அதை உடனே எடுத்துவிடுகிறார்கள். மாடர் ஆட்சேபிக்கலாம். ஆனால் தம் பெயரையும் விலாசத்தையும் வெளியிட்டு, பொய்ச்சத்தியத்துக்குரிய தண்டனைக்கு உட்பட்டு, அமெரிக்க நியாயஸ்தலத்தின் அதிகாரத்துக்கும் இசைந்து அவர் எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். வாடகை அறையில் குடியிருக்கும் மாணவன் இதற்குத் துணிவானா? அவனுடைய மாட் நியாயமானதா அல்லவா என்பதை எவரும் விசாரியாமலே காரியம் முடிந்துவிடுகிறது.

2017-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நடந்தது இதற்கு உதாரணம். 'கிராண்ட் தெப்ட் ஆட்டோ' விளையாட்டுக்களைத் திருத்தப் பயன்படும் 'ஓபன் ஐவி' என்ற கருவியை நிறுத்தும்படி அவற்றின் உரிமையாளரான டேக்-டூ கம்பெனியார் நோட்டீஸ் விடுத்தார்கள். பல வருஷ உழைப்பில் உருவான அக்கருவியை அதன் ஆசிரியர்கள் எடுத்துவிடும்படி நேர்ந்தது. விளையாடுவோர் சும்மா இருக்கவில்லை. விற்பனைத் தளத்தில் கண்டனங்களை மலைபோல் குவித்தார்கள். அம்மாதம் முடிவதற்குள் கம்பெனியார் இறங்கிவந்தார்கள். வியாபார நோக்கமில்லாமல், தனித்து ஆடுவதற்காகச் செய்யப்படும் மாட்கள்மீது பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை என்று அறிவிப்பும் வந்தது. கிளர்ச்சி பலித்ததில் நமக்கும் சந்தோஷமே. ஆயினும் அவ்வறிவிப்பை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 'எடுக்க மாட்டோம்' என்று அவர்கள் சொல்லவில்லை. 'பொதுவாக எடுப்பதில்லை' என்றார்கள். இத்தகைய வாசகங்களை வைஸ்ராய்களிடமிருந்து நாம் எத்தனையோ கேட்டவர்கள்!

கம்பெனியார் தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரு விளையாட்டின் சித்திரங்களைப் பெயர்த்தெடுத்து வேறொன்றில் ஒட்டுகிறவர்களும், பலர் சேர்ந்தாடும் ஆட்டத்தில் மோசடிக்குக் கருவி விற்கிறவர்களும் உண்டு. அவர்களைத் தண்டிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. மாடர்களுக்குள்ளும் சச்சரவு இல்லாமலில்லை. 2015 ஏப்ரலில் 'ஸ்கைரிம்' விளையாட்டின் மாட்களை விலைக்கு விற்கும் ஏற்பாடு ஆரம்பமானபோது, அவற்றில் ஒன்று வேறொருவருடைய இனாம் மாட்டைச் சார்ந்திருந்ததென்று தகராறு கிளம்பி விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டில் இயற்றியவனுக்குக் கிடைப்பதாக இருந்தது நூற்றுக்கு 25. மீதி 75-ஐ இரண்டு கம்பெனிகள் பங்கிட்டுக்கொள்ளும். எதிர்ப்புப் பலமாகவே நான்கு நாட்களில் அது கைவிடப்பட்டது.

நல்ல வழி தெரியாததனால் கம்பெனியார் தவறுகிறார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 1993-இல் 'டூம்' விளையாட்டை வெளியிட்ட இட் கம்பெனியார், பிறர் எளிதில் மாற்றும்படி ஆட்டத்தின் சரக்கை இயந்திரப் பகுதியினின்று பிரித்தே வைத்தார்கள்; 1997-இல் அதன் மூல நிரலையே வெளியிட்டார்கள்; 1999-இல் பொது லைசென்ஸின்கீழ் அதைத் திறந்துவிட்டார்கள். சித்திரங்களும் கட்டங்களும் இன்றும் கம்பெனிக்கே சொந்தம். அதனால் கம்பெனி கெட்டுப்போகவில்லை. முப்பது வருஷத்துக்குப் பின்னும் அதற்குப் புது மாட்கள் பிறக்கின்றன. 'மைன்கிராப்ட்' கம்பெனியாரும், நீங்களாகவே இயற்றிய மாட் உங்களுடையது, விற்க மட்டும் கூடாது என்று தங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். விற்கக் கூடாதென்பதில் நமக்கு ஆட்சேபம் உண்டு. ஆயினும் 'உங்களுடையது' என்ற சொல்லை மற்றக் கம்பெனியாரும் எழுதட்டும்.

நம் தேசத்துச் சட்டத்தையும் இங்கே குறிப்பிடுவோம். கையொப்பமிட்ட எழுத்துமூலமன்றிப் பதிப்புரிமையை மாற்றிக்கொடுத்தால் அது செல்லாது என்பது 1957-ஆம் வருஷத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு. உரிமையை மாற்றிக்கொடுத்த பின்னும் தம் பெயரைக் கோரும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்பது 57-வது பிரிவு. திரையில் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துவது கையொப்பமாகுமா? இந்திய இளைஞர்களும் அமெரிக்கக் கம்பெனிகளின் இவ்வொப்பந்தங்களுக்கு உட்பட்டே மாட்கள் இயற்றிவருகிறார்கள். அழுத்திய பொத்தான் ஒன்றினாலேயே படைப்பின் பாத்தியதை கைமாறாது என்று பார்லிமெண்டு ஒரு விளக்கம் சேர்த்துவிட்டால், அடுத்த வழக்கில் அவர்கள் வெறுங்கையோடு நிற்க நேராது. அதற்கான திருத்தத்தைத் தயாரிக்கும்படி வக்கீல் நண்பர்களையும், அதைச் சபையில் கொண்டுவரும்படி நம் அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.