கொடி குத்தினால் போதுமா?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



டிசம்பர் 7 வந்தால் நம் வகுப்புக்கு ஓர் உண்டியல் வரும். கூடவே சின்னச் சின்னக் காகிதக் கொடிகள். பத்து ரூபாய் போட்டுக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வோம். சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் அது எங்காவது விழுந்திருக்கும். படைவீரர் கொடி நாள் 1949-லிருந்து நடந்துவரும் வழக்கம். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டால் "மிலிட்டரிக்காரங்களுக்கு" என்போம். எந்த மிலிட்டரிக்காரர்? பேர் என்ன? எந்த ஊர்? நம் கடலூர் மாவட்டத்திலிருந்து போய்ப் போரில் செத்தவர் ஒருத்தர் பேராவது நம்மில் எத்தனை பேருக்குச் சொல்ல வரும்?

பெரிய மனுஷன் மாதிரி பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா முந்திரி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வீட்டில் முதல் படிப்பாளி என்றால் தெருவுக்கே எழுத்தர் என்று அர்த்தம்! ரேஷன் கார்டு, பேங்க் பாரம், ஆதார் திருத்தம் எல்லாம் நம்மிடம் வரும். நவம்பர் மாதம் பிறந்தால் எதிர்வீட்டு மிலிட்டரிப் பெரியப்பா வருவார். பென்ஷன் தொடர்ந்து வரவேண்டுமானால் உயிரோடு இருக்கிறேன் என்று ஆண்டுதோறும் சான்று கொடுக்க வேண்டும். போனில் முகத்தைக் காட்டினால் முடிந்துவிடும். "கண்ணைச் சிமிட்டுங்க பெரியப்பா" என்று நான் சொல்ல, அவர் விறைப்பாக உட்கார்ந்து சிமிட்டுவார்.

போன நவம்பரில் சான்று போய்ச் சேர்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. "எனக்கு உசுரு இருக்குன்னு வருஷா வருஷம் சொல்லிட்டு வர்றேன் தம்பி. கூட வந்தவன் செத்துட்டான்னு சொல்லத்தான் ஒரு எடமும் இல்ல" என்றார். அன்றைக்குத்தான் முழுக் கதையும் சொன்னார்.

1974-ல் சேர்ந்தவர். 1987-ல் இலங்கைக்குப் போனார். அந்த ஆண்டு ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதி காக்க என்று இந்தியப் படை போனது. அக்டோபரில் அதே படை விடுதலைப் புலிகளோடு சண்டையில் இறங்கியது. அக்டோபர் 11 நள்ளிரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபண்ட்ரிக்காரர்கள் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். நவம்பர் 25-ல் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் விழுந்தார். அவருக்குத்தான் பரம்வீர் சக்ரா. 1990 மார்ச் 24-ல் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறும்போது இறந்தவர் கணக்கு ஏறத்தாழ 1,200.

பெரியப்பாவுக்குத் தமிழ் தெரியும் என்பதால் வீடு வீடாகச் சோதனைக்குப் போகும்போது முன்னால் நிறுத்துவார்களாம். "நம்ம பாஷையிலயே கதவ தட்டிக் கூப்புடணும் தம்பி. உள்ள இருந்து ஒரு ஆயா எட்டிப் பாக்கும், எங்க அம்மா மாதிரியே." இதற்கு மேல் அந்த வீடுகளைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்த கப்பல்களுக்குச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு நடந்தது. அன்றைய முதல்வர் கருணாநிதி அதற்குப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் சொன்ன காரணம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. 1987 அக்டோபர் 21 தீபாவளியன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இரு தரப்புச் சண்டைக்கு நடுவில் நடந்தது என்றது இராணுவம். உயிர் தப்பியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. நம் மாவட்டத்திலும் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கிருந்து வரும் பிள்ளைகள் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அவர்கள் முன்னால் "வீர ஜவான் வாழ்க" என்று கோஷம் போட எனக்கு நாக்கு எழாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் போரை முடிவு செய்தது யார்? மூட்டை தூக்குகிறவர் மகனும் களத்துமேட்டில் நெல் தூற்றியவர் மகனுமா? வேலை கிடைக்காமல் ஆள் எடுப்பில் போய் நின்றவர்கள் அவர்கள். அனுப்பியவர்கள் தப்பு என்றால் அனுப்பியவர்களைக் கேளுங்கள். போய்ச் செத்தவன் பேரை ஏன் அழிக்க வேண்டும்? தமிழ்நாட்டில் அந்த 1,200 பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெட்கமோ கோபமோ, ஏதோ ஒன்று வாயை மூடியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பேரைக் கல்லில் வெட்டி நினைவிடம் எழுப்பியிருப்பது கொழும்பில்! டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்ததே 2019 பிப்ரவரி 25-ல்தான்.

இனி பெரியப்பா டிஸ்சார்ஜுக்குக் காத்திருந்த நாட்களுக்கு வருகிறேன். எனக்கு மறக்கவே முடியாதது அதுதான். 1991. பதினேழு வருஷ சர்வீஸ் முடிந்து டெப்போவில் பேப்பர் வர உட்கார்ந்திருக்கிறார். டியூட்டி கிடையாது, பரேடு கிடையாது. சாமான் ஒப்படைக்கும் வரிசை மட்டும்தான். கம்பளி எத்தனை, தண்ணி பாட்டில் எத்தனை, சாப்பாட்டு டப்பா எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து. ஒரு பாட்டில் குறைந்தது, அதற்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். "பாட்டிலுக்குக் கணக்கு கேட்டான் தம்பி. அந்த பாட்டில்ல தண்ணி குடிச்சுக்கிட்டே செத்தவனப் பத்தி யாரும் கேக்கல." சாயங்காலம் ஆள் கணக்கெடுக்கும்போது, தன் பேர் முடிந்ததும் மனசுக்குள் இன்னும் மூன்று பேர் சொல்லிக்கொள்வாராம். ஒருத்தர் விருத்தாசலம் பக்கம், ஒருத்தர் வேலூர், இன்னொருத்தர் கேரளாக்காரர். அந்தப் பேர்களை என்னிடம் சொன்னார். அவர்கள் குடும்பத்தைக் கேட்காமல் இங்கே அச்சில் போடுவது முறையல்ல என்பதால் விடுகிறேன்.

செத்த வீரனுக்குக் கல் நட்டுப் பேரும் பீடும் எழுதிய இனம் நாம் என்று தமிழ் ஐயா வகுப்பில் சொல்வார். தொல்காப்பியத்தில் நடுகல்லுக்கு இலக்கணமே உண்டு. செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்தில் மாடு மீட்கப் போய்ச் செத்தவனின் பேரை இன்றைக்கும் கல்லில் படிக்கலாம். அப்புறம் என்ன ஆயிற்று? முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளைக்காரன் ஊர் ஊராகக் கல் பதித்தான். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று எண்ணிக்கை மட்டும் அதில் இருக்கும், பேர் இருக்காது.

நம் கடலூரையே பாருங்கள். தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச்சுக்குப் போகிற வழியில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் நிற்கிறது. 1783 ஜூன் 13-ல் கடலூர் வாசலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பெரிய சண்டை. இரண்டு பக்கமும் நம்மூர் சிப்பாய்கள் இருந்தார்கள். ஐரோப்பாவில் அந்த ஜனவரி 20-லேயே சமாதானக் கையெழுத்து ஆகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர்வதற்குள் ஜூன் கடைசி! முடிந்துபோன சண்டைக்காக நம் ஊர் மண்ணில் செத்திருக்கிறார்கள். தளபதிகள் ஸ்டூவர்ட், புஸ்ஸி பேர் புத்தகத்தில் இருக்கிறது. சிப்பாய் பேர்?

நினைவு வைக்கத் தெரியாத ஜனம் இல்லை நாம். 1965 ஜனவரி 27-ல் இந்தி எதிர்ப்புப் போரில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரனுக்குச் சிதம்பரத்தில் சிலை நிற்கிறது. மாணவனுக்கு மாணவர்கள் மறக்காமல் செய்தது.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. விடியற்காலை சில்வர் பீச்சில் ஓடுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். நம் செக்‌ஷனிலேயே இரண்டு பேர் ஓடுகிறார்கள். 2022 ஜூனில் அறிவித்த அக்னிவீர் திட்டம். நான்கு வருஷம் சர்வீஸ், அதன் பிறகு நூற்றுக்கு அதிகபட்சம் 25 பேர் உள்ளே, மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியே. பென்ஷன் கிடையாது. 2023 தொடக்கத்தில் பயிற்சியில் சேர்ந்த முதல் அணிக்கு நான்கு வருஷம் முடிவது 2027 தொடக்கத்தில். அதாவது பெரியப்பா முப்பத்தைந்து வயதில் உட்கார்ந்த அந்த வரிசையில் இனி இருபத்திரண்டு வயதுக்காரன் உட்காருவான். அவன் மனசிலும் யார் பேராவது இருக்கலாம். பென்ஷன் இல்லாதவனுக்கு நவம்பரில் போன் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் வேலைகூட இருக்காது. அவன் யாரிடம் சொல்வான்?

என் யோசனை இதுதான். வருகிற கொடி நாளுக்கு முன் நம் சங்கத்திலிருந்து நாலு பேர் கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், மாவட்டத்தில் போரில் இறந்தவர் பட்டியலைக் கேட்போம். குடும்பத்தார் சம்மதித்தால் பேரும் ஊரும் ஆண்டும் மட்டும் ஒரு பித்தளைத் தகட்டில் ஏற்றி நூலக வாசலில் மாட்டுவோம். வாழ்க, வீழ்க என்று எதுவும் வேண்டாம். இதை முகாமிலிருந்து வரும் என் நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேர் மட்டும்னா போடு. ஆஸ்பத்திரியில செத்தவங்க பேரையும் அங்க ஒவ்வொரு வருஷமும் நினைக்கிறாங்க, அதையும் பேச்சுல சொல்லு" என்றான். சொல்வோம்.

ஃபிட்டிங் ஷாப்பில் இருக்கிற எழுத்துப் பஞ்ச் எல்லாம் இங்கிலீஷ்தான், தமிழுக்குக் கிடையாது. அதனால் சி.என்.சி. மில்லிங்கில்தான் வெட்ட வேண்டும். மூன்றாமாண்டு பசங்க ப்ரோகிராம் போட்டுத் தரத் தயார், இன்ஸ்ட்ரக்டர் சாரும் சனிக்கிழமை மிஷினைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தகடு வாங்கும் பணம்தான் பாக்கி. அதற்குச் சங்கச் செயலாளர் வழி சொல்ல வேண்டும்.