ஸ்டெதாஸ்கோப் இல்லாமலும் உயிர் காக்கலாம்



"மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று உங்களைக் கேட்டால், உங்களில் பலர் "டாக்டருக்கு" என்று பதில் சொல்கிறீர்கள். ஏன் என்று கேட்டால், "மக்களின் நோயைப் போக்க வேண்டும்" என்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்றதும் அந்த நல்ல எண்ணத்தையும் சேர்த்துக் கைகழுவி விடுகிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நோயைப் போக்குவது மருத்துவர் ஒருவருக்கே உரிய வேலை என்று யார் சொன்னார்கள்?

நரம்புச் சிலந்தி என்ற நோயைப் பற்றி உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? ஒரு மீட்டர் நீளம்வரை வளரக்கூடிய புழு ஒன்று, பெரும்பாலும் காலில், தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வலி தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைப்பார். உடனே புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். நீரில் வாழும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சைக்ளாப்ஸ் என்னும் சிற்றுயிர் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு ஓராண்டு கழித்து அதே நோய் வரும். தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் இந்நோய் இருந்தது.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. ஆயினும் இந்தியாவில் 1996-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஒருவருக்கும் இந்நோய் வரவில்லை. 2000-ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்ட நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இதை எப்படிச் சாதித்தார்கள்? பொறியாளர்கள் படிக்கிணறுகளை மூடி, கைப்பம்புகளை அமைத்தார்கள். ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். எந்த ஊரில் எத்தனை பேருக்கு நோய் என்று ஓயாமல் கணக்கெடுத்தார்கள். மருத்துவர்களும் இருந்தார்கள், ஆனால் அவர்கள் மட்டும் போதவில்லை.

இதற்குத்தான் பொதுச் சுகாதாரம் என்று பெயர். மருத்துவர் தம்மிடம் வந்த நோயாளியைக் குணப்படுத்துகிறார். பொதுச் சுகாதார நிபுணரோ, ஊர் முழுவதையும் ஒரு நோயாளியாகக் கருதி, நோய் எங்கிருந்து, எவ்வழியாக, யாருக்கு வருகிறது என்று ஆராய்ந்து, அது வரும் வழியை அடைக்கிறார். இரண்டும் வேண்டியவையே. ஆனால் முதல் வேலையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றிப் பள்ளியில் யாரும் சொல்வதில்லை.

"பௌதிகம் நடத்துபவருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கோவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்நோய் காற்றில் பரவுவதில்லை என்று 2020 மார்ச் மாதம் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. 5 மைக்ரானுக்கு மேற்பட்ட எச்சில் துளிகள் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குள் தரையில் விழுந்துவிடும் என்பது மருத்துவ உலகில் அப்போது பரவியிருந்த கருத்து. இது சரியா என்பதை நீங்கள் பாடத்தில் படிக்கும் ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டே சோதிக்கலாம். ஒன்றரை மீட்டர் உயரத்தில், அசையாத காற்றில், ஒரு துளி இருப்பதாகக் கொள்வோம். அதன் விட்டம் 100 மைக்ரான் என்றால் சுமார் 5 விநாடியில் தரையைத் தொடும். 10 மைக்ரான் என்றால் சுமார் 8 நிமிடம் ஆகும். 5 மைக்ரான் துளிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துளியோ ஏறத்தாழ 14 மணி நேரம் மிதக்கும்! அறையில் காற்று அசைந்தால் இன்னும் அதிக நேரம் மிதக்கலாம்.

இந்தக் கணக்கை நன்கு அறிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் பௌதிக அறிஞர் லிடியா மொராவ்ஸ்கா, அமெரிக்க மருத்துவ அறிஞர் டொனால்ட் மில்ட்டன் ஆகிய இருவரும் 239 விஞ்ஞானிகளின் ஆதரவோடு 2020 ஜூலையில் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். நோய் காற்றில் பரவுகிறது, காற்றோட்டத்தைக் கவனியுங்கள் என்பதே அதன் சாரம். 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைத் தெளிவாக ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் உலகமெங்கும் மக்கள் மேசையையும் கதவையும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சன்னல்களைத் திறக்க வேண்டும் என்பது தாமதமாகவே உறைத்தது. நீர்மத் துளியின் இயக்கத்தை அறிந்தவர்கள் முதல் நாளிலிருந்தே மருத்துவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கணிதத்தில் விருப்பமுள்ளவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 1897-இல் செக்கந்தராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் ரொனால்ட் ராஸ். அவர் மருத்துவர்தான். ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. மலேரியாவை ஒழிக்கக் கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டியதில்லை. கொசுக்களின் எண்ணிக்கையை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும், நோய் தானாகவே அடங்கிவிடும் என்று பின்னாளில் கணிதச் சமன்பாடுகளைக் கொண்டு காட்டினார். இன்று தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று கணிப்பவர்கள் ராஸ் போட்ட பாதையிலேயே நடக்கிறார்கள்.

சரி, இத்துறைக்குள் நுழைவது எப்படி? வழிகள் பல உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர்கள் சுகாதார ஆய்வாளர் பயிற்சியில் சேரலாம். கிராமங்களிலும் நகராட்சிகளிலும் குடிநீர், கொசு, கழிவு இவற்றை நேரில் கவனிப்பவர்கள் இவர்களே. காந்திகிராமம் இப்பயிற்சியில் நீண்ட அனுபவம் உள்ள இடம்.

மருத்துவம் படித்து முடித்தவர்களுக்குச் சமுதாய மருத்துவத்தில் எம்.டி. பட்டமும், பொதுச் சுகாதாரத்தில் டிப்ளமோவும் உள்ளன.

மற்றவர்கள் முதலில் ஏதேனும் ஒரு பட்டம் பெற்று, பிறகு எம்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டத்துக்குச் செல்லலாம். பெரும்பாலும் இது இரண்டு ஆண்டுப் படிப்பு. இந்தியாவில் இப்படிப்பை 1997-இல் முதலில் தொடங்கியது திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்த அச்சுத மேனன் மையம். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனமும் புதுச்சேரி ஜிப்மரும் இப்பட்டத்தை அளிக்கின்றன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் உயிர்ப்புள்ளியியல், நோய்ப்பரவலியல் ஆகியவற்றில் எம்.எஸ்ஸி. உண்டு. விலங்கியல் படித்தவர்களுக்குப் புதுச்சேரியில், 1975-இல் தொடங்கிய கொசு முதலிய நோய்பரப்பிகளின் ஆராய்ச்சி மையத்தில் பூச்சியியல் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. புள்ளிவிவரத்தில் நாட்டமுள்ளவர்களுக்கு மும்பையில் 1956 முதல் இயங்கிவரும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. எந்தப் பட்டம் பெற்றவரைச் சேர்ப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளைப் படித்துப் பார்க்கத் தவறாதீர்கள்.

என் யோசனை இதுதான்: முதல் பட்டத்தில் ஒரு பாடத்தை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். பௌதிகமோ, புள்ளியியலோ, செவிலியமோ, பொருளாதாரமோ, எதுவானாலும் சரி. அந்த அடித்தளம் இல்லாமல் பெறும் எம்.பி.எச். வெறும் காகிதம். சேரும் முன் கல்லூரியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கிராமத்திலும் சேரியிலும் சென்று வேலை பழக எத்தனை மாதங்கள் ஒதுக்கியிருக்கிறீர்கள்? புள்ளியியலை யார் கற்பிக்கிறார்கள்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தில் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டச் சுகாதார அலுவலர், மாநகரச் சுகாதார அலுவலர் போன்ற அரசுப் பதவிகளுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கட்டாயம். மருத்துவர் அல்லாத எம்.பி.எச். பட்டதாரிகள் ஆராய்ச்சி நிலையங்களிலும், அரசுத் திட்டங்களிலும், தொண்டு நிறுவனங்களிலும் வேலை தேட வேண்டியிருக்கிறது. அவற்றில் பல ஒப்பந்த வேலைகள். இது சரியல்ல என்பது என் கருத்து. 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் கண்ட மாநிலம் இது. மருத்துவ அறிவு இல்லாதவர் கையில் மக்கள் உயிரை ஒப்படைக்கலாமா என்று சிலர் கேட்கலாம். யாரும் அறுவை சிகிச்சைக் கத்தியைக் கேட்கவில்லை. மாவட்டந்தோறும் மருத்துவரோடு ஒரு புள்ளியியலாளரும், ஒரு பூச்சியியல் வல்லுநரும், ஒரு சுகாதாரப் பொறியாளரும் நிரந்தரப் பணியில், சம மரியாதையுடன் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. நல்ல மாணவர்கள் வந்தால்தான் இந்தப் பதவிகள் உருவாகும். பதவிகள் உருவானால்தான் நல்ல மாணவர்கள் வருவார்கள். இந்த முடிச்சை அரசுதான் முதலில் அவிழ்க்க வேண்டும்.

இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று அறியப் பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, உங்கள் தெருவில் இருபது வீடுகளுக்கு, வீட்டாரின் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். தொட்டி, குடம், பூந்தொட்டித் தட்டு, தேங்காய் ஓடு, பழைய டயர் எனத் தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் பாருங்கள். நெளியும் கொசுப் புழுக்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பார்த்த வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். டெங்கு தடுப்புப் பணியில் உலகமெங்கும் பயன்படும் "வீட்டுக் குறியெண்" இதுவே. தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் சென்று கணக்கிடுங்கள். எண் குறைந்திருந்தால், யாருக்கோ வரவிருந்த காய்ச்சலை நீங்கள் தடுத்திருக்கக்கூடும். அவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதனால் நன்றி சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். அப்படியும் மறுவாரம் போகத் தோன்றினால், இத்துறை உங்களுக்கு ஏற்றதுதான்.