புகை போகும் வழி

லாரிக்குப் பெரிய எஞ்சின் மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எஞ்சினைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். எத்தனை குதிரைத்திறன், புதுப்பேட்டையில் என்ன விலை, பழைய கியர் பெட்டியோடு பொருந்துமா என்று பேச்சு மணிக்கணக்கில் நீளும். அந்த எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் இரண்டு முழத் தொலைவைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அது கடைசி நாளில், மிஞ்சிய பணத்தில், வெல்டிங் பட்டறையில் கிடக்கும் குழாய்த் துண்டுகளைக் கொண்டு முடிவாகிறது. எஞ்சினுக்குச் செலவிட்ட யோசனையில் பாதியையேனும் அதற்குச் செலவிட வேண்டும் என்பது என் துணிபு. இலக்கியம் பேசும் இடத்தில் இது என்ன பேச்சு என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். ரிஷிவந்தியம் சுற்று வட்டாரத்தில் கரும்பும் நெல்லும் விளைந்தால் மட்டும் போதாது, ஆலைக்கும் போய்ச் சேர வேண்டும். சேர்ப்பது லாரியும் டிராக்டரும். அவற்றைப் பற்றித் தமிழில் எழுத எவருக்கும் கூச்சம் தேவையில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சிலிண்டர்களின் வாயிலில் திருகப்பட்டு, தனித்தனியே வரும் புகையை ஒன்றாக்கிச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் உறுப்பை நம் பட்டறைகளில் மெனிபோல்டு என்பார்கள். வார்ப்பிரும்பில் ஒரே கட்டியாக வார்த்திருப்பார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு வளைகுழாய் வைத்து, அவற்றைக் கீழே ஒரு கூம்பில் சேர்ப்பதை அமெரிக்கர்கள் ஹெட்டர் என்கிறார்கள். (கலைச்சொல் ஆர்வலர்கள் இரண்டுக்கும் தனித்தனித் தமிழ் ஆக்கலாம். பட்டறைக்காரர் நாவில் ஏறாத சொல் அகராதியில்தான் துருப்பிடிக்கும்.)

இந்த ஹெட்டர் மோகம் அமெரிக்காவில் பிறந்தது. ஷெவர்லே நிறுவனம் 1965-இல் கொண்டுவந்து, 1970-இல் 454 கன அங்குலத்துக்கு, அதாவது 7.4 லிட்டருக்கு வளர்த்தெடுத்த பிக் பிளாக் எனும் பெருவகை வி-8 பெட்ரோல் எஞ்சினைத் தங்கள் டிரக்குகளில் மாற்றிப் பொருத்துவது அங்கே நெடுநாள் வழக்கம். அங்கே ஹெட்டருக்குக் காரணம் உண்டு. ஒரு சிலிண்டர் புகையைக் கக்கும்போது ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் அகன்று திறக்கும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. அது திரும்பி வரும் நேரத்தில் புகை வால்வும் காற்று வால்வும் ஒருங்கே சற்றுத் திறந்திருந்தால், மிச்சப் புகை இழுபட்டுப் போய்ப் புதுக் காற்று உள்ளே வரும். குழாய் நீண்டால் இந்தப் பொருத்தம் குறைந்த சுழற்சியில் நேரும். குறுகினால் அதிகச் சுழற்சியில்தான். குழாயின் குறுக்களவும் அப்படியே. 2 அங்குலக் குழாயில் ஓடும் அதே புகை, 1¾ அங்குலக் குழாயில் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் வேகத்தில் ஓடும். பந்தயத்துக்கு அகலம், பாரம் இழுக்க ஒடுக்கம். அமெரிக்காவிலும் பாரம் இழுக்கும் டிரக்குக்குப் பந்தயக் குழாயை மாட்டி, மேட்டில் திணறுகிறவர்கள் இருக்கிறார்கள். எனவே இது நம்மூர் அறியாமை மட்டுமன்று.

இனி நம் வண்டிக்கு வருவோம். டாடா நிறுவனம் 1954 முதல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்சோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்தது. அந்த மரபில் வந்த 692 எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 92 மி.மீ. விட்டம், பெயரிலேயே கணக்கு இருக்கிறது. அடுத்து வந்த 697-க்கு 97 மி.மீ. முன்னது 4.8 லிட்டர், பின்னது 5.7 லிட்டர். 5.7 லிட்டரை ஆறால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 950 கன செ.மீ. வருகிறது. அமெரிக்கரின் 7.4 லிட்டரை எட்டால் வகுத்தாலோ 930. ஆக, சிலிண்டர் அளவில் நம் 697 அந்தப் புகழ்பெற்ற எஞ்சினுக்கு ஒரு மாற்றுக் கூடுதலே! ஆனால் சுழற்சியில் இரண்டும் வேறு. பெட்ரோல் வி-8 நிமிடத்துக்கு 4000, 5000 என்று சுற்றும். 697 மூவாயிரத்தை எட்டாது. அதோடு டீசல் எஞ்சினில் இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் நேரமும் குறைவு. உறிஞ்சும் அலை வந்து தட்டினாலும் கதவு சாத்தியே இருக்கும். டர்போ இல்லாத டீசல் லாரிக்கு நீள்குழாய் ஹெட்டர் தரும் ஆதாயம் மிகச் சொற்பம். அதற்காகச் செலவிடும் பணம் பெரும்பாலும் ஓசைக்குப் போய்ச் சேருகிறது.

இந்த ஓசையைத்தான் பலர் பலம் என்று நம்புகிறார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனால், வண்டி நன்றாக இழுக்கிறது என்போம். உறுமலில் இழுவை இல்லை. இழுவை குறைந்த சுழற்சியில் கிடைக்கும் திருகு விசையில் இருக்கிறது. அதற்குத் தேவை அடைப்பில்லாத, கசிவில்லாத, விரிசல் விடாத ஒரு வழி.

விரிசல் என்பது சிறு விஷயமன்று. ஆறு சிலிண்டர் எஞ்சினின் மெனிபோல்டு ஏறத்தாழ 80 செ.மீ. நீளம் என்று கொள்வோம். காலையில் 30 டிகிரியில் இருப்பது, பாரத்தோடு மேடேறும்போது 530 டிகிரிக்குச் சூடாகிறது. 500 டிகிரி ஏற்றத்தில் சாதாரண எஃகு ஏறத்தாழ 5 மி.மீ. நீளும். துருப்பிடிக்காத எஃகு என்று ஆசைப்பட்டு 304 ரகத்தில் செய்தால் 7 மி.மீ. அருகே நீளும். எஞ்சினின் ஹெட்டோ தண்ணீரால் குளிர்விக்கப்படுவதால் அவ்வளவு நீளாது. நீளத் துடிக்கும் இரும்பை நீளாத இரும்போடு பன்னிரண்டு நட்டுப் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? ஸ்டட் ஒடியும், அல்லது வெல்டிங் விடும். இதை அறிந்துதான் பெரிய டீசல் எஞ்சின்களின் மெனிபோல்டை இரண்டு மூன்று துண்டுகளாக வார்த்து, ஒன்றுக்குள் ஒன்று நழுவும்படி செய்தார்கள். தடித்த வார்ப்பிரும்பு நீள்வதும் குறைவு, அதிர்வைத் தாங்குவதும் அதிகம். கட்டாயம் குழாயில்தான் செய்தாக வேண்டும் என்றால், ஆறு வாயிலுக்கும் ஒரே பட்டையாக அடித்தகடு வைக்கக் கூடாது. தனித்தனியே அறுத்துவிட வேண்டும். தகடு 10 மி.மீ. தடிமனுக்குக் குறையவும் கூடாது.

கசிவுக்கு இன்னொரு பக்கம் உண்டு. என் கவலை உண்மையில் அங்கேதான். மூக்கில்லாத லாரிகளில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே, டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மெனிபோல்டு பேக்கிங் ஊதிக்கொண்டால் புகை முதலில் போகும் இடம் அவர்களுடைய மூச்சு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. ‘டிக் டிக்’ என்று ஊதும் மெனிபோல்டோடு ஒரு கரும்புப் பருவம் முழுவதையும் ஓட்டித் தள்ளும் உரிமையாளர்கள், கண்ணாடியை இறக்கிவிட்டால் போயிற்று என்கிறார்கள். கிளீனர் பையனுக்குப் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயது. அவன் தூங்குவதும் அதே கேபினில்தான்.

இடப்பொருத்தம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு வி-8 எஞ்சினுக்கான ஹெட்டரைத் தருவித்து ஜீப்பிலோ பழைய வண்டியிலோ மாட்ட நினைப்போர் அங்குமிங்கும் உண்டு. அமெரிக்க ஹெட்டர் இடப்பக்க ஸ்டியரிங்குக்கு வழிவிட்டு வளைக்கப்பட்டது. நமக்கு ஸ்டியரிங் தண்டு வலப்பக்கம். குழாய் நேரே அதில் போய் இடிக்கும். செல்ப் மோட்டார், பிரேக் குழாய், சேஸ் சட்டம் ஆகிய மூன்றுக்கும் விரற்கடை இடைவெளியாவது வேண்டும். சூடான குழாயின் அருகே ஓடும் பிரேக் எண்ணெய் கொதித்தால் மலையிறக்கத்தில் மிதி தரையைத் தொடும்.

டர்போ உள்ள எஞ்சின் என்றால் கணக்கே வேறு. டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுவது புகையின் வெப்பமும் விசையும்தான். நீளக் குழாய் போட்டு அவற்றை வழியிலேயே ஆறவிடுவது, சோற்றை வடித்துக் கஞ்சியோடு கொட்டுவது போல. குட்டையான, தடித்த, இறுக்கமான வார்ப்பே அதற்கு உகந்தது. ஆறு சிலிண்டரில் 1-5-3-6-2-4 என்று வெடிப்பு நிகழ்வதால் முதல் மூன்றை ஒரு வழியிலும் பின் மூன்றை மறு வழியிலும் பிரித்துவிட்டால், ஒன்றின் புகை மற்றதன் வாயிலில் முட்டாது. நல்ல மெனிபோல்டுகள் அப்படித்தான் வார்க்கப்பட்டுள்ளன. அதை அறுத்து ‘விசாலமாக்கும்’ பட்டறைகளைக் கண்டால் ஓடிவிடுவது நலம்.

பழங்காலத்தார் இதில் நம்மைவிட விவரமானவர்கள். சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் தயாரித்த பெர்கின்ஸ் பி-6 எஞ்சின் 4.73 லிட்டர், ஆறு சிலிண்டர். பெட்ரோல் லாரிகளை டீசலுக்கு மாற்றுவதில் உலகெங்கும் பேர்பெற்றது அது. எஞ்சினோடு அதற்குரிய மெனிபோல்டும் சேர்ந்தே வண்டியில் ஏறியது. எஞ்சினை மட்டும் விலைபேசி வாங்கிவந்து மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பின்னாளில் பழைய இரும்புச் சந்தை கற்றுக்கொடுத்த பழக்கம்.

சட்டத்தையும் ஒதுக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ரக எஞ்சினை அலுவலக அனுமதியோடு மாற்றலாம். வேறு ரகப் பெரிய எஞ்சினைச் சொல்லாமல் ஏற்றினால், விபத்து நாளில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பி.எஸ்.6 லாரிகளிலோ புகைவழி முழுவதும் வடிகட்டியும் உணர்கருவியுமாக இருக்கிறது. அங்கே பட்டறைக் கைவண்ணத்துக்கு இடமே இல்லை.

ஆகவே, பழைய லாரிக்கு அதே இனத்துப் பெரிய எஞ்சினை முறைப்படி ஏற்றுகிறவர், அந்த எஞ்சினுக்கே உரிய வார்ப்பு மெனிபோல்டைத் தேடி வாங்கட்டும். லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன்படுத்தட்டும். புதுப் பேக்கிங், புது ஸ்டட், பித்தளை நட்டு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு முதல் லோடு இறக்கித் திரும்பிய பின், எஞ்சின் நன்றாக ஆறியதும், நடுவிலிருந்து இரு ஓரத்துக்குமாக எல்லா நட்டையும் மறுபடி ஒரு முறை இறுக்க வேண்டும்.