சோற்றுக்கு நன்றி, குற்றத்துக்குக் கூட்டா?

நண்பர் ஒருவர் கணக்கர். இருபது ஆண்டாக ஒரே முதலாளியிடம் வேலை. சென்ற வருடம் இரண்டாவதாக ஒரு கணக்குப் புத்தகம் எழுதச் சொன்னாராம் முதலாளி. இவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். “மகள் படிப்புக்குப் பணம் கொடுத்த மனுஷன் சார். செஞ்சோற்றுக் கடன். கர்ணன் என்ன செஞ்சான்?” என்றார்.

சரி, கர்ணன் என்னதான் செய்தான்?

தமிழ்நாட்டில் கர்ணனைக் குறை சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. 1964-இல் வந்த பந்துலுவின் படத்தில் சிவாஜி அம்பு தைத்துக் கிடந்ததைப் பார்த்து அழுத வீடுகள் நம்முடையவை. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே வில்லிபுத்தூரார் நம்மை மயக்கிவிட்டார். துரியோதனன் மனைவியின் மேகலை அறுந்து மணிகள் சிதறுகின்றன. கூட இருந்தவன் கர்ணன். உள்ளே வந்த துரியோதனன் சந்தேகப்படவில்லை. மணிகளைப் பொறுக்கட்டுமா, கோக்கட்டுமா என்று கேட்கிறான். வியாசர் பாரதத்தில் இந்தக் காட்சி கிடையாது. அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து ஒரு வாழ்க்கைப் பாடம் தயாராகிவிட்டது: உனக்குச் சோறு போட்டவன் என்ன செய்தாலும் கூட நில்.

இந்தப் பாடம் சொல்பவர்கள் சூதாட்ட மண்டபத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். அங்கே திரௌபதியை இகழ்ந்து பேசியவன் கர்ணன். அவள் ஆடையைக் களையச் சொல்லித் துச்சாதனனை ஏவியவனும் அவனே. அதே சபையில் எழுந்து, தன்னையே தோற்றுவிட்ட தருமன் மனைவியைப் பணயம் வைத்தது செல்லாது என்று சொன்னவன் ஒருவன் உண்டு. அவன் விகர்ணன், துரியோதனனின் சொந்தத் தம்பி. அவன் தின்றதும் அதே அடுப்பில் வெந்த சோறுதான். அவனைச் சிறுபிள்ளை என்று அடக்கி உட்காரவைத்ததும் கர்ணன்தான்.

கர்ணன் பட்ட அவமானம் பொய்யல்ல. பிறப்பைக் கேட்டு அவனைத் தலைகுனிய வைத்த சபையில், அங்க நாட்டு முடியைத் தூக்கிக் கொடுத்தவன் துரியோதனன் ஒருவனே. ஆனால் அது அர்ச்சுனனுக்கு எதிராக ஒரு வில்லாளி கிடைத்துவிட்டான் என்று தெரிந்த நாளில் கொடுத்த முடி. கொடுத்தவன் கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தான். வாங்கியவன் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாதா?

கர்ணனே பார்த்தான். போருக்கு முன் கண்ணனிடம் தனியே பேசும்போது, துரியோதனனை மகிழ்விக்கத்தான் பாண்டவர்களைச் சுடுசொல் சொன்னேன், இப்போது அதை நினைத்து வேகிறேன் என்கிறான். பீஷ்மரும் களத்தில் தருமனிடம், பொருளுக்கு அடிமையாகிக் கட்டுண்டு கிடக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். நாம் பெருமை என்று கொண்டாடுவதை அவர்கள் வாக்குமூலமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டு அறுத்தவனும் கதையில் இருக்கிறான். திருதராட்டிரனின் இன்னொரு மகன் யுயுத்சு, போர் தொடங்குமுன் எல்லோர் கண்ணெதிரே பாண்டவர் பக்கம் நடந்து போனான். போருக்குப் பிறகும் உயிரோடு இருந்தான். பாண்டவர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பியபோது அவனை நம்பித்தான் பொறுப்பை ஒப்படைத்தார்கள். நம் ஊரில் யுயுத்சு என்று ஒரு பிள்ளைக்காவது பெயர் வைத்திருக்கிறோமா?

வைக்க மாட்டோம். செஞ்சோற்றுக் கடனால் லாபம் பார்ப்பவர்கள் அதிகம். கட்சித் தலைவருக்கு அது வேண்டும், முதலாளிக்கு வேண்டும், கல்யாணச் செலவை ஏற்ற பெரியப்பாவுக்கும் வேண்டும். வள்ளுவர் செய்ந்நன்றிக்கு ஓர் அதிகாரம் எழுதியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எல்லை மீறும் நண்பனை இடித்துரைப்பதே நட்பு என்று அவரே சொன்னது வசதியாக மறந்துவிடுகிறது.

புராணம் வாழ்க்கைக்கு உதவும்தான். யாரைப் போல் வாழ வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பதால் அல்ல. நமக்குப் பிடித்தவன் எந்த இடத்தில் வழுக்கினான் என்று கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவதால்.

வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் இதைப் பார்க்கலாம். கர்ண மோட்சக் கூத்தன்று இரவெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர், படுகளத்தன்று மண்ணில் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றிக் கூடுகிறது. திரௌபதி அவிழ்ந்த கூந்தலை முடிகிறாள். கர்ணனுக்காகக் கண்ணீர் துடைத்த அதே கைகள் இப்போது அவளைக் கும்பிடுகின்றன. அழுவதற்கு ஒருவன், கும்பிடுவதற்கு ஒருத்தி என்று அந்த ஊருக்குக் குழப்பமே இல்லை.

என் நண்பரை அடுத்த முறை அங்கே கூட்டிப்போகப் போகிறேன்.