பாதிரியாரும் யூதரும் ஒரே கூண்டில்!

வானூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஆரோவில் சாலையில் ஜெர்மானியரும் இஸ்ரேலியரும் முன்னும் பின்னுமாக மோட்டார் சைக்கிளில் போவார்கள். 1968-ல் தொடங்கிய அந்தக் குடியிருப்பில் 50-க்கு மேற்பட்ட நாட்டார் வசிக்கிறார்கள். ஒருவருடைய நாட்டார் மற்றவருடைய இனத்தையே கொன்று குவித்த காலம் ஒன்று இருந்தது என்பது சாலையோர இளநீர்க்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் அரிவாள் பிடித்த கை ஒரு கணம் நின்றுவிடும்!

அந்தக் கொடுமையை நினைவுகூர ஜனவரி 27-ந் தேதியை 2005-ல் ஐ.நா. சபை குறித்தது. பல நாடுகளில் அன்று கிறிஸ்தவரும் யூதரும் சேர்ந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். நல்ல காரியம். "அது ஐரோப்பாக்காரன் பாவம், நமக்கென்ன?" என்கிறீர்களா? நம் சென்னைப் பட்டணத்துக்கும் இதில் ஒரு கதை உண்டு.

சாந்தோமில் பிடித்தார்கள்

கோட்டைக்குள் ஞானப்பணி செய்துவந்தவர் எப்ராயிம் பாதிரியார். பிரெஞ்சுக்காரர், கப்புச்சின் சபைத் துறவி. 1649-ல் போர்த்துக்கீசியர் அவரைச் சாந்தோமில் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே மதவிசாரணை மன்றம் அவரைச் சிறையில் அடைத்தது. குற்றம்? மதவிரோதம்! உண்மையில், தங்கள் அதிகாரத்துக்கு அடங்காத பாதிரியார் என்பதே எரிச்சல். அவர் விடுதலையாகத் திரும்புவதற்குள் கோல்கொண்டா வரை விஷயம் போயிற்று என்று வைர வியாபாரி தவர்னியே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மன்றம் 1560-ல் கோவாவில் ஏற்பட்டது; 1812 வரை நீடித்தது. 1497-ல் போர்த்துக்கலில் கட்டாய ஞானஸ்நானம் பெற்ற யூதர்களின் சந்ததியார்மீது அதற்குத் தீராத சந்தேகம். சனிக்கிழமை சலவைச் சட்டை போட்டாலே வம்பு! நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி 1563-ல் நூல் வெளியிட்ட வைத்தியர் கார்சியா த ஓர்ட்டா இறந்து புதைந்த பிறகும் விடவில்லை. 1580-ல் எலும்பைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். (கோவா இந்துக்கள் பட்ட பாடு தனிக்கதை.)

அந்த மன்றத்துக்குத் தப்பிய போர்த்துக்கீசிய யூதர் சிலர் லண்டன், ஆம்ஸ்டர்டாம் சுற்றிச் சென்னைக்கு வைர வியாபாரம் செய்ய வந்தார்கள். 1688-ல் நகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களில் மூவர் யூதர்! மிண்ட் தெருப் பக்கம் இருந்த அவர்களுடைய பழைய கல்லறைக் கற்கள் பிற்பாடு லாயிட்ஸ் சாலைக்கு வந்தன.

யார் முதலில் பேசுவது?

இங்கேதான் என் அபிப்பிராயம். "நாங்களும் அடிபட்டோம்" என்று எப்ராயிம் பாதிரியாரைக் காட்டிக் கிறிஸ்தவர் சமாளித்துவிடக் கூடாது. கூண்டில் நின்றவரும் பாதிரியார். நீதிபதி ஆசனத்தில் இருந்தவரும் பாதிரியார்தானே! யூதருக்கு அங்கே ஆசனம் ஏது? இருவர் துக்கமும் துக்கம்தான். ஆனால் கணக்கு ஒன்றல்ல.

2000-ம் ஆண்டு மார்ச்சில் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் எருசலேம் மேற்குச் சுவரில் மன்னிப்புக் கேட்கும் சீட்டைச் செருகினார். கைநடுக்கத்தோடு அந்த முதியவர் சுவரண்டை நின்றதை உலகமே பார்த்தது. அது ரோமாபுரிக்கும் எருசலேமுக்கும் சரி. சாந்தோமிலிருந்து லாயிட்ஸ் சாலை இடுகாட்டுக்கு நடந்தே போய்விடலாம். வருகிற ஜனவரி 27 அன்று சென்னைக் கிறிஸ்தவர் நாலு பேர் போகட்டும். யூதர் யாராவது வந்தால் அவரை முதலில் உட்கார வைத்து, எப்ராயிம் பெயரோடு ஓர்ட்டாவின் பெயரையும் உரக்கப் படிக்கட்டும்.