மகாசபையின் அதிகாரம் எங்கே?

2025-ம் ஆண்டைச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டு என ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்தது. ஏழு வர்ணக் கொடியும், ‘கூட்டுறவே நாட்டுயர்வு’ என்னும் வாசகமும் மேடைகளை அலங்கரித்தன. விழாக்களிடம் நமக்கு விரோதம் இல்லை. எனினும் கொடி ஏற்றப்படும் சங்கத்தை ஆள்பவர் யார் என்று கேட்கும் உரிமை பங்குத் தொகை கட்டிய ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 2018-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-ல் முடிந்தபோது உரிய தருணத்தில் தேர்தல் நடைபெறவில்லை. சர்க்கார் நியமித்த செயலாட்சியர்களின் கையில் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. இது சிறிய செய்தியாகப் பத்திரிகைகளில் வந்து மறைந்தது. நம்மைப் பொறுத்தவரை இது சிறிய செய்தியன்று.

இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-ல் பிறந்தது. அந்த ஆண்டிலேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர் கிராமத்தில் விவசாயிகளின் கடன் சங்கமும், சென்னையில் திருவல்லிக்கேணிப் பண்டகசாலையும் தோன்றிவிட்டன. 1935-ல் நெசவாளர் சங்கங்களுக்குத் தாய்ச் சங்கமாகக் கோ-ஆப்டெக்ஸ் அமைந்தது. பங்கு பத்து வைத்திருந்தாலும் ஒன்று வைத்திருந்தாலும் ஓர் அங்கத்தினருக்கு ஒரே வாக்கு என்பதுதான் இந்த ஸ்தாபனங்களுக்கும் கம்பெனிகளுக்கும் உள்ள பேதம். அந்த வாக்கைச் செலுத்த வழியில்லாதபோது, பெயர்ப் பலகையில் ‘கூட்டுறவு’ என்ற சொல் இருந்து பயன் என்ன?

இந்த வியாதி புதிதன்று. 1976-ல் நிர்வாகக் குழுக்கள் அகற்றப்பட்டுத் தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். அதன் பிறகு 1996 வரையில், ஏறக்குறைய இருபது ஆண்டுகள், நம் சங்கங்கள் தேர்தலைக் காணவில்லை. அவ்வாறு 1996-ல் கிடைத்த குழுக்களும் 2001-ல் கலைக்கப்பட்டன. இடையில் ஆட்சிக்கு வந்த கட்சி எது, போன கட்சி எது என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கப்போவதில்லை. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது கூட்டுறவுத் தேர்தல் எங்கே என்று முழங்குவோர், ஆளும் வரிசைக்கு மாறியதும் மௌனம் சாதிப்பதை எல்லாக் கட்சிகளிடமும் கண்டு வருகிறோம்.

இந்நோய்க்கு மருந்து டில்லியிலிருந்து வந்ததாக 2012-ல் நாம் மகிழ்ந்தது உண்டு. பார்லிமெண்டில் 2011-ல் நிறைவேறிய 97-வது அரசியலமைப்புத் திருத்தம் அவ்வாண்டு அமுலுக்கு வந்தது. குழுவின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடியுமுன் புதிய தேர்தல், குழுவைக் கலைத்தாலும் சாதாரணச் சங்கங்களில் ஆறு மாதத்திற்கு மேல் அதிகாரி ஆட்சி கூடாது, குழுவில் பெண்களுக்கு இரண்டு இடம், தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினருக்கு ஓர் இடம் ஆகிய விதிகள் அதில் இருந்தன. எல்லாம் நல்ல விதிகளே. ஆயினும் கூட்டுறவு என்பது மாநிலங்களின் அதிகாரப் பட்டியலில் உள்ள பொருள். மாநிலச் சட்டசபைகளில் குறைந்தது பாதியின் ஒப்புதலைப் பெறாமல் இத்திருத்தம் செய்யப்பட்டது என்ற காரணத்தால், 2021 ஜூலை 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பல மாநிலச் சங்கங்கள் தவிர மற்றச் சங்கங்களுக்கு அது செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு சரியானதே என்பது நம் அபிப்பிராயம். மாநிலத்தின் உரிமையை மாநிலத்தைக் கேளாமல் டில்லி எடுத்துக்கொள்வதை நாம் ஆதரிக்க முடியாது. தீர்ப்புக்கு இரண்டே வாரங்களுக்கு முன்பு மத்திய சர்க்காரில் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் ஏற்பட்டிருந்ததையும் கவனித்தால், இந்த எச்சரிக்கை வேண்டியதே. ஆனால் மாநில சுயாட்சி பேசும் நம் தலைவர்களுக்கு ஒரு கேள்வி உண்டு. டில்லியிடமிருந்து மீட்ட அதிகாரம் சென்னைக் கோட்டையோடு நின்றுவிடுவதா? அங்கிருந்து கிராமத்துச் சங்கத்தின் மகாசபைக்கு அது வந்து சேர வேண்டாமா? கோர்ட்டு வீழ்த்திய நல்ல விதிகளை 1983-ம் ஆண்டின் நமது சொந்தச் சட்டத்தில் மீறமுடியாதபடி நிலைநிறுத்த எவரும் தடையாக நிற்கவில்லை. மாறாக, 2022 ஜனவரியில் குழுவின் ஆயுளை ஐந்திலிருந்து மூன்றாண்டாகக் குறைக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. ஐந்தா மூன்றா என்பது பெரிய விவாதமன்று. முடிந்த மறுநாள் புதிய குழு அமர்கிறதா என்பதே கேள்வி.

‘அதிகாரி ஆண்டால் என்ன, கூலி வருகிறதல்லவா?’ என்பார் உண்டு. அவர்கள் நூல் விஷயத்தைச் சற்றுச் சிந்திக்கட்டும். கைத்தறிக்கு வேண்டியது சிட்டா நூல்; விசைத்தறிக்கு வேண்டியது கோன் நூல். உள்நாட்டு விற்பனைக்கு ஆலைகள் கட்டும் நூலில் ஒரு பங்கு சிட்டமாகவே இருக்கவேண்டும் என்ற விதி கைத்தறியின் உயிர்நாடி. அந்தப் பங்கு 50 சதவீதமாக இருந்தது. 2003-ல் 40 ஆயிற்று. 2019 ஜனவரியில் 30 ஆயிற்று. அடுத்த ஆண்டு ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியமே கலைக்கப்பட்டது. கைத்தறி தினம் என்று 2015 முதல் கொண்டாடப்படும் ஆகஸ்டு 7-ந் தேதிக்குச் சில தினங்களே இருந்தன! 2019-20-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் கைத்தறியையும் அதன் துணைத் தொழில்களையும் நம்பியிருக்கின்றனர். இவர்களுக்காக டில்லியில் குரல் கொடுக்க இருந்த ஒரு மன்றமும் போயிற்று. இந்நிலையில் தீர்மானம் போட்டு அனுப்பவும், தூது செல்லவும், எம்.பி.யை வழிமறித்துக் கேட்கவும் சங்கத் தலைவருக்கு முடியும். தம்மை நியமித்தவரையே எதிர்த்து மகஜர் எழுதும்படி ஒரு செயலாட்சியரிடம் எதிர்பார்ப்பது நியாயமுமல்ல.

பருத்தி விளைவிப்போரும் நூல் வாங்குவோரும் சேர்ந்து படிக்கும் பத்திரிகை இது. ஆதலால் இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. 2021 பட்ஜெட்டில் அந்நியப் பஞ்சுக்கு இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. மொத்தச் சுமை 11 சதவீதம். நூல் விலை ஏறிற்று என்று கூக்குரல் எழுந்ததும் 2022 ஏப்ரலில் அது தற்காலிகமாக நீக்கப்பட்டது. அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்ட 2025 ஆகஸ்டில் மறுபடியும் நீக்கி, அச்சலுகையை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். வரி இருந்தால் நெசவாளர் வருந்துகிறார். இல்லாவிட்டால் பருத்தி விவசாயி வருந்துகிறார். இருவரும் ஒரே தாலுகாவில், சில இடங்களில் ஒரே தெருவில், வாழ்கிறவர்கள். இவ்வழக்கை இருதரப்புச் சங்கங்களின் பிரதிநிதிகள் ஓரிடத்தில் அமர்ந்து பேசித் தீர்த்து, ஒருமித்த கோரிக்கையாக்கி அனுப்பியிருக்க வேண்டும். ஆலை முதலாளிகளின் சங்கங்கள் நொடியில் கூடி டில்லிக்குச் சென்றன. நம் பக்கத்தில் பிரதிநிதிகளே இல்லை. நம் தரப்பின் வாதம் ஏடுகளில் இடம் பெறாததில் வியப்பில்லை.

கடன் தள்ளுபடியும் இவ்வகையானதே. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என அறிவிக்கப்பட்டது. 16 லட்சத்துக்கு அதிகமான விவசாயிகள் பயனடைவர் என்றார்கள். வறட்சியிலும் வெள்ளத்திலும் நொந்தவர்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் கடனாகப் போன பணத்தில் அங்கத்தினரின் சேமிப்பும் கலந்திருக்கிறது. தள்ளிய தொகை சர்க்காரிடமிருந்து என்று, எத்தனை தவணையில் சங்கத்துக்கு வந்து சேரும் என்று மகாசபையில் எழுந்து கேட்டுப் பதில் வாங்க வேண்டாமா?

தேர்ந்தெடுத்த குழுக்கள் யோக்கியமாக நடந்தனவா என்று எதிர்க்கேள்வி வரும். எல்லாம் அப்படி நடக்கவில்லை. கட்சி அலுவலகத்திலிருந்து வந்த ஜாபிதாவே குழுவாக மாறியதும் உண்டு. 2018 தேர்தல் பற்றிய புகார்கள் ஹைகோர்ட்டு வரை சென்றன. இதில் நம்மவர்களின் குற்றமும் சேர்ந்திருக்கிறது. ஆண்டு மகாசபையன்று கையெழுத்திட்டு, காரத்தையும் காபியையும் முடித்து, தணிக்கை அறிக்கை வாசிக்குமுன் வீடு திரும்பும் அங்கத்தினர் எத்தனை பேர்! கெட்ட தலைவரை அடுத்த தேர்தலில் இறக்கலாம். அதிகாரியை மாற்றல் உத்தரவுதான் இறக்கும். அந்த உத்தரவு நம்மைக் கேட்டு வருவதில்லை. தவிர, ஒரே அதிகாரி பல சங்கங்களைச் சுமக்கும்போது, எந்த ரகம் தேங்குகிறது, எந்தத் தறி பாவில்லாமல் நிற்கிறது என்று பார்க்க அவருக்கு ஓய்வேது?

ஆகவே நாம் சர்க்காரைக் கேட்பது இது. தேர்தல் தேதியை ஆளுங்கட்சியின் சௌகரியத்துக்கு விடாமல் சட்டத்திலேயே எழுதுங்கள். கூட்டுறவுத் தேர்தல் ஆணையத்தை அந்தத் தேதிக்குக் கட்டுப்படுத்துங்கள். அதிகாரி ஆட்சிக்கு ஆறு மாத எல்லை வையுங்கள்.

அங்கத்தினர்களும் தேர்தல் அறிவிப்புக்காகக் காத்திராமல், வாக்காளர் ஜாபிதாவை இப்போதே சங்கத்தில் கேட்டுப் பார்க்கவேண்டும். இறந்தவர் பெயர் நீங்கியிருக்கிறதா, வாரிசின் பெயர் சேர்ந்திருக்கிறதா, பங்குத் தொகை பாக்கியால் எவருடைய வாக்காவது பறிபோகுமா என்று அறியவேண்டும். முக்கியமாக, மேற்படி கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலாளரில் 72 சதவீதத்தினர் பெண்கள் எனத் தெரிகிறது. பல வீடுகளில் நூல் சுற்றுவதும் தறியில் அமர்வதும் மனைவி. அங்கத்தினர் புஸ்தகம் மட்டும் கணவர் பெயரில். அந்தச் சகோதரிகள் தங்கள் பெயரிலேயே அங்கத்தினர் மனுக் கொடுத்து, பங்குத் தொகை செலுத்தி, ரசீது பெற்றுக்கொள்ளவேண்டும். மனுவை ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.