ஒரு வடிகட்டிக்கு மூன்று மொழிகள்

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் பெரும்பாலான வீடுகளின் நிலவறையில் ஒரு ஃபர்னஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. அதில் செருகும் அட்டைச் சட்டமிட்ட காற்று வடிகட்டியை வாங்கக் கடைக்குப் போகிறவர், எவ்வளவு படித்தவராயினும், எழுத்தறியாதவரைப் போல விழித்து நிற்கிறார். இது தற்செயல் என்று நம்ப நாம் ஆயத்தமாக இல்லை.

பொது அளவுகோல் ஒன்று ஏற்கெனவே உண்டு. ஆஷ்ரே என்னும் பொறியாளர் சங்கத்தின் 52.2 தரநிலை தரும் 'மெர்வ்' எண் அது. ஆயினும் த்ரீஎம் நிறுவனம் 'எம்பிஆர்' என்று ஆயிரக்கணக்கில் எண்ணுகிறது. ஹோம் டிப்போ 'எஃப்பிஆர்' என்று பத்துக்குள் எண்ணுகிறது. மெர்வ் 13-க்கு ஏறத்தாழ நிகரானது ஓரிடத்தில் 1900, மற்றோரிடத்தில் 10. எம்பிஆர் நுண்துகளைத் தனியே அளக்கிறது என்று சமாதானம் சொல்வர். மெர்வும் 0.3 முதல் 1 மைக்ரான் வரையிலான துகளைத் தனியே அளக்கத்தான் செய்கிறது. 13 என்றால் அவற்றில் பாதியையேனும் பிடிக்க வேண்டும். பின் எதற்கு இன்னொரு மொழி? ஒப்பிட இயலாதபடி செய்வதற்கே என்பது நம் துணிபு. சொல்லின் பொருள் கலங்கினால் சிந்தனை கலங்கும் என்று ஓயாமல் வாதிடுகிற நாம், எண்ணின் பொருள் கலங்குகையில் வாளாவிருத்தல் தகாது.

அடுத்தது, எண் உயர்ந்தால் நன்மையும் உயரும் என்ற மூடநம்பிக்கை. ஓர் அங்குலத் தடிமனுள்ள வடிகட்டியில் நெருக்கமான இழையைத் திணித்தால் காற்றோட்டம் குறையும். குளிர்காலத்தில் ஃபர்னஸ் அளவுமீறிச் சூடாகித் தானே அணையும். கோடையில் குளிரூட்டியின் சுருளில் பனி படியும். நான்கு அங்குல வடிகட்டியில் மடிப்புகளின் பரப்பு அதிகம். ஆகவே அதே திறனுக்குத் தடை குறைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வதும் 13, அல்லது உங்கள் கருவி தாங்கும் உச்சம் என்பதே. 'தாங்கும்' என்ற சொல்லை விளம்பரங்கள் விழுங்கிவிடுகின்றன. மறுமுனையில், ஊடே வெளிச்சம் தெரியும் மலிவான கண்ணாடியிழை வடிகட்டி காப்பது இயந்திரத்தை, நுரையீரலை அன்று.

வாங்கியதோடு கடமை தீர்ந்ததென்று இருப்பவர்களோடும் நமக்குப் பிணக்கு உண்டு. ஓர் அங்குல வடிகட்டியை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவைக்கலாகாது. வளர்ப்பு நாய் இருந்தாலோ, வீட்டில் கட்டட வேலை நடந்தாலோ இன்னும் விரைவில் மாற்ற வேண்டும். சட்டத்தின் அம்புக்குறி காற்று போகும் திசையை, அதாவது ஃபர்னஸை, நோக்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருப்பின் காற்று அவ்வழியே நழுவும். எத்தனை உயர்ந்த எண்ணும் அங்கே வீண். விசிறி சுழலாதபோது எந்த வடிகட்டியும் எதையும் வடிகட்டுவதில்லை.

2023 ஜூனில் கனடாவின் காட்டுத்தீப் புகை டொராண்டோவையும் நியூயார்க்கையும் மூடியபோது இவையெல்லாம் உயிர்ப்பிரச்சினை ஆயின. அத்தகைய நாளில் விசிறியை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்'னுக்கு மாற்ற வேண்டும் என்பதை அறியாத வீடுகளில் நல்ல வடிகட்டியும் பெருமளவு நேரம் சும்மா இருந்திருக்கும்.

இன்னும் கொடிது வாடகைக்கு இருப்போர் நிலை. ஸ்கார்பரோவின் நிலவறைகளில் குடியிருக்கும் நம்மவர் பலருக்கு ஃபர்னஸின் மேல் எந்த அதிகாரமும் இல்லை. ஒண்டாரியோவின 2006-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வீட்டைப் பழுதின்றிப் பேணும் பொறுப்பை உரிமையாளர் மீதே வைத்திருக்கிறது. வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பது நன்றிகெட்டதனம் அன்று. அது குடியிருப்பவரின் நியாயமான கேள்வி. பதில் வராவிடில், 2020-ல் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசந்தாலும் பரப்பிய எளிய வழி உண்டு: நான்கு மெர்வ் 13 வடிகட்டிகளைப் பெட்டியாக ஒட்டி, மேலே ஒரு சதுர விசிறியை வைத்து ஓட்டலாம்.

நாம் கோருவது சிறிது. உறையின் முகப்பில் மெர்வ் எண் பெரிதாக இருக்கட்டும். அருகில் காற்றுத்தடையின் அளவும் இருக்கட்டும். சொந்தக் கணக்குகளைப் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். மூச்சு எல்லார்க்கும் பொது. அதை அளக்கும் எண்ணும் பொதுவாகவே இருக்க வேண்டும்.